நட்சத்திரம் தெரிய வேய்ந்த கூரை

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

யூதர் என்னும் மக்களில் ஒருவரையேனும் நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. அவர்களுடைய நாடு எங்கே இருக்கிறது என்று கேட்டால், எங்கள் ஊராகிய நீர்வேலிக்கு மேற்கே, கடல் தாண்டி, என்று மட்டும் சொல்லத் தெரியும். அப்படியிருந்தும் அவர்களுடைய திருநாள்களுள் ஒன்றைப் பற்றி எழுதத் துணிந்திருக்கிறேன். அந்தத் திருநாள் எங்கள் வாழைத்தோட்டத்தின் தெற்கு மூலையில் சில மாரிகாலம் குடியிருந்தது என்பதே காரணம்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எட்டாம் வகுப்போடு பாடசாலை என்னை விட்டது. அதற்குப் பின் எங்கள் ஊர் வாசிகசாலையின் அலுமாரிதான் எனக்கு ஆசிரியர். அதன் பூட்டுத் திறப்பு நெடுங்காலம் என்னிடம் இருந்தபடியால் அந்த ஆசிரியர் எனக்கு விடுமுறை அளிக்கவில்லை. பிழைகள் இருப்பின் அவை அலுமாரியினுடையவை அல்ல, என்னுடையவை.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கியபோது குருநகர் வெறுமையாயிற்று. கடற்கரை மக்கள் தலையிலும் சைக்கிளிலும் ஏற்றக் கூடியதை ஏற்றிக்கொண்டு உள்ளூர்களுக்கு வந்தார்கள். எங்கள் ஊர்ப் பாடசாலை நிறைந்தது. கோயில் மடம் நிறைந்தது. பின்பு தோட்டங்கள் நிறையத் தொடங்கின. எங்கள் தோட்டத்தின் தெற்கு மூலையில் இதரை வாழை நோய்ப்பட்டு அழிந்த ஒரு துண்டு நிலம் கிடந்தது. அங்கே ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது: முதியவர் ஒருவர், அவருடைய மகள், மருமகன்.

முதியவர் அந்நிய நாட்டுக் கப்பல்களில் சமையற்காரராக இருந்து ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர். ஊர் அவரைக் கப்பற்காரர் என்றது. நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். மகள் கர்ப்பிணி. மருமகன் கடலுக்குப் போகத் தடை விழுந்த கடற்றொழிலாளி. ஆதலால் நாள் முழுவதும் சும்மா இருக்கப் பழகிக்கொண்டிருந்தார். அந்தத் தொழில் அவருக்குப் படியவில்லை.

அவர்கள் வந்த அன்றே என் அண்ணை வந்தார். அண்ணை பல எல்லை வழக்குகள் நடத்தி, ஒவ்வொன்றின் முடிவிலும் வேலியை ஒரு சாண் முன்னே நகர்த்தியவர். அவர் அந்தத் துண்டு நிலத்தைக் கண்ணால் அளந்துவிட்டு என்னைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றார்.

"இருக்கட்டும், பாவங்கள். ஆனா மண்சுவர் வைக்க விடாதை. கதவு போட விடாதை. கூரையும் சும்மா மேலாலை ரெண்டு ஓலையைப் போடட்டும். வடிவா வேய்ஞ்சு குடுத்தியோ, பத்து வருசத்தாலை அவரைக் கோட்டிலைதான் காணுவாய்."

ஒருவர் பத்து வருடம் எதிர்ப்பின்றி ஒரு காணியில் இருந்தால் அது அவருடையதாகலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். யாழ்ப்பாணத்தில் அந்தப் பத்து வருடத்துக்குத் தெய்வங்களுக்கு அடுத்தபடியான அச்சம் உண்டு. நானும் அந்த அச்சத்தில் வளர்ந்தவனே. ஆகையால் கப்பற்காரரிடம் மரியாதை குறையாமல் சொல்வதற்கு ஒரு வசனத்தை மனத்துக்குள் ஆயத்தம் செய்துகொண்டு போனேன்.

அதைச் சொல்லும் தேவை ஏற்படவில்லை. அவர் பூவரசங் கப்புகளைத் தூணாக நட்டு, சாக்கையும் சேலைகளையும் சுவராகக் கட்டி, மேலே பனையோலைகளை இடைவெளி விட்டுப் பரப்பி முடித்திருந்தார். வெயில் அதற்குள்ளே கோடுகோடாக விழுந்தது. கர்ப்பிணிப் பெண் அதற்குள் இருப்பதைக் கண்டு மனம் பொறாத என் மனைவி, வேலி அடைக்க வாங்கி வைத்திருந்த, தென்னோலை பின்னிய கிடுகுகளில் ஒரு கட்டினை, அண்ணை போன பிறகு, எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். கப்பற்காரர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"குறை நினைக்கக் கூடாது, அம்மா. உது வேண்டாம். மேலாலை நட்சத்திரம் தெரியவேணும்."

மனைவி கட்டோடு திரும்பி வந்து, அந்த மனிதருடைய புத்தி கடலில் விழுந்துவிட்டது என்று எனக்கு அறிவித்தார். எனக்கோ ஒருவகையில் ஆறுதல். அண்ணையின் நிபந்தனையை அவர் கேளாமலே நிறைவேற்றிவிட்டார். ஆயினும் ஒரு மனிதர் ஒழுகும் கூரையை விரும்பிக் கேட்பதன் காரணத்தை அறியாமல் இருக்கவும் முடியவில்லை. மாலையில் போய் விசாரித்தேன். அவர் சொன்னதை என் நடையில் தருகிறேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தின்போது அவர் நடுக்கடலில் இருந்தார். கொழும்பு எரிந்த செய்தியை வானொலியில் கேட்டார். வெள்ளவத்தையில் வாழ்ந்த தங்கை குடும்பத்தைப் பற்றி எந்தச் சேதியும் இல்லை. அவர்கள் எங்கோ ஒரு முகாமில் சேலையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு இருப்பதாக நினைத்து நினைத்துச் சமைத்தபடியால், அக்காலத்தில் அவருடைய கறியில் உப்பு நிதானமாக இருக்கவில்லை என்று கப்பலில் முறைப்பாடு எழுந்ததாம். புரட்டாதி மாதம் கப்பல் ஹைஃபா என்னும் துறைமுகத்தை அடைந்தது. அவர் நகருக்குள் நடந்தபோது, வீட்டு முற்றங்களிலும் மாடி விறாந்தைகளிலும் கொட்டில்களைக் கண்டார். துணியால் சுவர், ஓலையால் கூரை. உள்ளே குடும்பம் குடும்பமாக மக்கள்.

இங்கும் கலவரம் நடந்துவிட்டது என்று அவர் தீர்மானித்தார். குருநகரில் பிறந்த ஒருவர் வேறு எந்தத் தீர்மானத்துக்கும் வந்திருக்க முடியாது. பின்னால் நல்ல கல்வீடு நிற்கையில் இவர்கள் ஏன் முற்றத்தில் இருக்கிறார்கள் என்ற ஐயம் எழுந்ததாம். வீட்டுக்குள் போக இன்னும் பயமாக்கும் என்று விடையும் அவரே சொல்லிக்கொண்டார். கப்பலுக்குத் திரும்பிப் போய், ஒரு பை அரிசியும் ஒரு பெட்டி பிஸ்கட்டும் எடுத்து வந்தார். யாரைக் கேட்டு எடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

முதலிற் கண்ட முற்றத்துக் கொட்டிலில் ஒரு கிழவரும் அவருடைய மக்களும் இருந்தார்கள். கிழவருடைய கையில் ஒரு குருத்தோலையும் நாரத்தங்காய் போன்ற ஒரு பழமும் இருந்தன. கப்பற்காரர் கத்தோலிக்கர், குருத்தோலையைக் கண்டதும் மனம் இளகியது. அரிசியை நீட்டினார். அந்தத் திருநாளில் கொட்டிலுக்கு வரும் விருந்தினரை உள்ளே அழைத்து உணவு கொடுப்பது அவர்களுக்கு ஒரு கடமை. எனவே அவர்கள் அவரை இருத்தி உண்ணக் கொடுத்தார்கள். அகதிக்கு உதவ வந்ததாக இவர் நினைத்தார். விருந்துக்கு வந்ததாக அவர்கள் நினைத்தார்கள். இரு பகுதியாரும் மிகத் திருப்தியாக இருந்தார்கள்.

உண்டுகொண்டிருக்கையில் அவர் மேலே பார்த்தார். கூரையில் ஓலை போதாது, வானம் தெரிந்தது. பாவம், வேயத் தெரியாத சனம், என்று எண்ணினார். உண்ட வீட்டுக்குக் கைம்மாறாக எழுந்து, முற்றத்தின் ஓரத்தில் குவிந்திருந்த ஈச்சோலைகளை எடுத்து, ஒரு கதிரையில் ஏறி, ஒரு பொட்டு வெளிச்சமும் புகாதபடி அடுக்கிக் கட்டிவிட்டார். தம் சீவியத்தில் வேய்ந்தவற்றுள் அதுவே திறமான கூரை என்று என்னிடம் சொன்னார்.

உள்ளே எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழவர் மட்டும் எழுந்து வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, மிகவும் நன்றி சொன்னார். பின்பு அதே கதிரையில் தாமும் ஏறி, ஓலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். கிழவருடைய மகன் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினான். அது திருநாள், ஏழு நாள் வீட்டை விட்டுக் கொட்டிலில் இருக்கவேண்டும், கூரை மெல்லியதாக, நட்சத்திரம் தெரியும்படி இருக்கவேண்டும், மழை புகாத கூரை வீட்டுக் கூரை, கொட்டிற் கூரையன்று. அப்படியென்றால் மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கப்பற்காரர் கேட்டாராம். அதற்கும் அவர்களிடம் பழைய சட்டம் இருந்தது. சட்டியிலுள்ள கஞ்சி பழுதாகும் அளவுக்கு மழை விழுந்தால் எழுந்து வீட்டுக்குள் போகலாம். அதன் பின்னும் அங்கேயே இருப்பவனை மடையன் என்பார்கள்.

அவர் கதையை முடித்ததும், அதுவரை அடுப்பை ஊதிக்கொண்டிருந்த மகள் தலை நிமிராமலே சொன்னாள்:

"நட்சத்திரம் தெரியுதோ இல்லையோ, மேலாலை சுட்டுக்கொண்டு போற ஹெலிக்கு நாங்கள் வடிவாத் தெரிவம்."

இந்தத் திருநாளின் பூர்வீகத்தை அறியவேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டானது அன்றுதான். வாசிகசாலையில் ஒரு பழைய கலைக்களஞ்சியத்தின் சில தொகுதிகள் இருந்தன. யூதரைப் பற்றிய தொகுதி அவற்றுள் இருக்கவில்லை. நல்ல வேளையாக, பாடசாலையில் தங்கியிருந்த குருநகர்க் கத்தோலிக்க மக்களுக்குப் பூசை வைக்கும் சுவாமியார் ஞாயிறுதோறும் சைக்கிளில் வருவார். அவரை எங்கள் கிணற்றடிக்கு அழைத்து, சீனி இல்லாத காலமாகையால் பனங்கட்டியோடு தேநீர் கொடுத்து, நானும் கப்பற்காரரும் பாடம் கேட்டோம்.

சுவாமியார் சொன்ன சாரம் இது. முதலில் அது அறுவடைத் திருநாள். ஆண்டு முடிவில் முந்திரிகை என்னும் திராட்சையும் ஒலிவமும் பழுக்கும் காலத்தில் கமக்காரர் தோட்டத்திலேயே ஓலைக்கொட்டில் போட்டுக் காவலிருந்து பழம் பறிப்பார்கள். பறித்து முடிந்ததும் பூரணையில் கொண்டாடுவார்கள். படித்தவர்களிற் பலர் அப்படித்தான் எண்ணுகிறார்களாம். இதை எனக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. சண்டிலிப்பாயில் என் மாமனார் புகையிலைக்குக் காவலிருந்த கொட்டிலும் அதே கொட்டில்தான். அவர் அதைச் சமயத்தோடு சேர்க்கவில்லை, அவ்வளவே.

பின்பு ஒரு காலத்தில் காரணம் மாறியது. எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர் பாலைவனத்தில் கொட்டில்களில் வசித்தார்கள், அதை மறவாதிருக்கவே கொட்டில் போடுகிறோம் என்று வேதத்தில் எழுதப்பட்டது. இங்கே எனக்கு ஒரு ஐயம் வந்தது.

"பாலைவனத்திலை ஓலைக்கு எங்கை போனவை, சுவாமி?"

அதே கேள்வியை நெடுங்காலமாகப் பலரும் கேட்டு வருவதாக அவர் சொன்னார். உண்மையான கொட்டில்களே என்று அவர்களுடைய பழைய ஆசிரியர் ஒருவர் சொன்னாராம். இல்லை, அது கடவுள் அவர்களுக்கு மேலே விரித்த முகில் என்று இன்னொருவர் சொன்னாராம். கப்பற்காரர் இரண்டாவது ஆசிரியரை ஏற்கவில்லை. முகிலைக் கூரையாகக் கொண்டால் ஒழுகும் என்பது அவருடைய கருத்து.

எருசலேமிற் கோயில் இருந்த காலத்தில் மக்கள் அங்கே திரண்டு, பீடத்தில் தண்ணீர் வார்த்து, வரப்போகும் மாரிக்கு மழை கேட்டார்கள். அப்பொழுது அது மழைத் திருநாள். கோயில் அழிந்து, நாடு கைவிட்டுப் போன பின்பு, அறுவடையும் இல்லை, ஆலயமும் இல்லை. எனினும் கொட்டிலை அவர்கள் விடவில்லை. குளிர் நாடுகளின் நகரங்களில், நெல் விளையாத, முந்திரிகை படராத முற்றங்களில், அயலவர் பார்த்துச் சிரிக்க, ஓலைக்குப் பதிலாகக் கிடைத்த கொப்புகளை வெட்டிப் போட்டார்கள். காரணங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. கொட்டில் மட்டும் நின்றது.

சுவாமியார் இடையில் மறந்துவிட்ட ஒன்றை எழும்பும்போது சொன்னார். ஒருமுறை அந்த மக்கள் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டு, நெடுங்காலத்தின் பின் ஊர் திரும்பினார்கள். திரும்பியவர்கள் இந்தச் சட்டத்தை வாசிக்கக் கேட்டு, மலைக்குப் போய் இலைகுழை வெட்டி வந்து, தங்கள் சொந்த வீட்டுக் கூரைகளிலும் முற்றங்களிலும் கொட்டில் போட்டார்கள். அவ்வளவு பெரிய மகிழ்ச்சி அதற்கு முன் நெடுங்காலம் அங்கே இருந்ததில்லையாம்.

கப்பற்காரர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அதுதான் சுவாமி. திரும்பிப் போய் எங்கடை முத்தத்திலை ஒண்டு போடேக்கைதான் அது திருநாள். இப்ப இருக்கிறது கொட்டில். இதை வடிவா வேய்ஞ்சனெண்டால் வீடாப் போடும். பிறகு நான் எங்கை திரும்பிப் போறது?"

சுவாமியார் தம் சைக்கிளை நிமிர்த்தினார். அண்ணையும் இவரும் ஒரே கூரையை ஒரே அளவில் மெல்லியதாக வைத்திருக்க விரும்புகிறார்கள், இவர் போய்விடவேண்டும் என்பதற்காக, என்று எனக்குத் தோன்றியது. அதை விருந்தினரிடம் சொல்வது அழகாக இராது.

புரட்டாதியில் கோட்டைச் சண்டை முடிந்தது. குருநகருக்குச் சிலர் திரும்பினார்கள். கப்பற்காரரும் நடந்து போய்ப் பார்த்து வந்தார். அவருடைய வீடு கடலை நோக்கிய கடைசி ஒழுங்கையில் இருந்தது; அந்தப் பக்கம் ஷெல் வருவது நிற்கவில்லை. சுவர்கள் நின்றன, கூரை இல்லை. கதவும் இல்லை, ஆனால் கதவின் பூட்டு விறாந்தையில் கிடந்தது. முற்றத்தைக் கூட்டிவிட்டு, பூட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து, கொட்டிலின் கப்பில் தொங்கவிட்டார். அடுத்த மாதம் போகிறோம் என்றார். அடுத்த மாதமும் அவ்வாறே சொன்னார்.

ஐப்பசி பிறந்தது. மகளுக்கு நாள் நெருங்கியிருந்தது. எங்கள் மாரி முன்னறிவித்துத்தான் வரும்: தும்பி பறக்கும், எறும்பு மேடேறும், செம்பாட்டு மண் மணக்கும். இவை எல்லாம் நடந்தன. முதல் மழைக்குக் கொட்டிலின் பாய் நனைந்தது. இரண்டாவது மழைக்கு மகள் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்து நின்றாள். உள்ளே வரும்படி என் மனைவி பலமுறை அழைத்தும், தகப்பன் அங்கே தனியே நனைகிறார் என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டாள். மனைவி என்னைப் பார்த்தார். நான் போய்க் கப்பற்காரரோடு வாதாடினேன். பாபிலோன் வரை போய் வாதாடினேன். அவர் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு, கூரையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இதைக் கேள்விப்பட்ட அண்ணை, இந்தக் குடாநாட்டில் இப்படி ஒரு நேர்மையான மனிதர் இருப்பதாகத் தாம் அறிந்திருக்கவில்லை என்றார்.

அந்த வாரம் மருமகன் உப்பாற்றுப் பக்கம் போய்க் கொஞ்சம் நண்டும் சின்னமீனும் கொண்டுவந்தார். மகள் தகப்பனிடம் கூழ் காய்ச்சித் தரும்படி கேட்டாள். பிள்ளைத்தாய்ச்சி கேட்டதை மறுக்கக் கூடாது. அதிலும் கூழ் விஷயத்தில் அவர் வேறு எவரையும் அகப்பை பிடிக்க விடமாட்டார். பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, எங்கள் வேலி முருங்கையிலை, எல்லாம் சேர்த்து மத்தியானம் முழுவதும் காய்ச்சினார். மணம் எங்கள் கிணற்றடிவரை வந்தது. மகள் வந்து என்னையும் என் மனைவியையும் அழைத்தாள். எங்கள் வீட்டார் அதற்கு முன் அவர்கள் கையால் எதுவும் உண்டதில்லை. அதன் காரணத்தை எழுதத் தேவையில்லை; வாசிக்கும் தமிழர் அறிவார்கள். மனைவி சற்றும் யோசியாமல் எழுந்தபடியால் நானும் எழுந்தேன்.

நாங்கள் போய் இருந்ததும் வானம் இருண்டது. மகள் அடுப்பிலிருந்த சட்டியை மூடாமல் தூக்கிவந்து, கொட்டிலின் நடுவில், அங்குமிங்கும் ஒருமுறை மேலே பார்த்து, ஓர் இடம் தெரிந்து வைத்தாள். கூழ் குடிக்கப் பனையோலைப் பிளாக்களை எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போனாள். அவள் திரும்புமுன் மழை விழுந்தது. சட்டி இருந்த இடத்துக்கு நேர் மேலே இருந்த ஓலையிலிருந்து நீர் நூலாக இறங்கிக் கூழுக்குள் விழுந்தது.

எட்டிச் சட்டியை இழுக்கக் கப்பற்காரர் கை நீட்டினார். வாசலில் மகள் நின்றாள்.

"விடுங்கோ அப்பா. அந்த ஹைஃபாக்காரர் உங்களுக்கு என்ன சொன்னவை?"

அவர் நீட்டிய கையை மடக்கினார்.

"சட்டியிலை மழை விழுந்தால் என்னவாம்?"

"எழும்பிப் போகலாமாம்."

"போகாட்டில்?"

"மடையனாம்."

"சரி. ஐயாவும் அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருக்கினம். நீங்களே சொல்லுங்கோ, இப்ப நீங்கள் ஆர்?"

மருமகன் சிரிப்பை அடக்க முகத்தைச் சாக்குச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கப்பற்காரர் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலில் எத்தனையோ புயலில், எத்தனையோ ஆட்டத்தில் ஒரு சட்டியைக் கவிழவிடாதவர் அவர். அகப்பையால் ஒரு வாய் எடுத்துச் சுவைத்தார்.

"தண்ணியாப் போச்சு," என்றார். பின்பு என் மனைவியைப் பார்த்து, "அம்மா, அண்டைக்குக் கொண்டந்த கிடுகு, வேலிக்குப் போட்டிட்டியளோ?"

வேலிக்குப் போடவில்லை. மழை விழுந்த கூழை நாங்கள் எல்லோரும் பிளாவிற் குடித்தோம். நான் குடித்த கூழ்களுள் அது நன்றென்று சொல்லமாட்டேன்.

மறுநாள் காலை மருமகன் கூரை மேலே ஏறினார். பல மாதத்துக்குப் பின் ஒரு வேலை கிடைத்தபடியால் ஓர் அரண்மனைக்கு வேய்வதுபோல் வேய்ந்தார். நான் கீழிருந்து கிடுகு எடுத்துக் கொடுத்தேன். கப்பற்காரர் ஒரு நிபந்தனை வைத்தார்: தாம் படுக்கும் பாய்க்கு நேர் மேலே ஒரு கிடுகைக் கட்டாமல் விடவேண்டும். அது சும்மா மேலே கிடந்தது. வேண்டியபோது கையால் தள்ளி வானத்தைப் பார்க்கலாம். ஒழுகுவது அவர்மேல் மட்டுமே. மகள் இதற்கு இணங்கினாள். கார்த்திகையில் பெண்குழந்தை பிறந்தது, நனையவில்லை.

அண்ணை வந்து பார்த்தார். அவருடைய விரிவுரை ஒன்றைக் கேட்க நான் ஆயத்தமாக இருந்தேன். அவர் கட்டப்படாத அந்தக் கிடுகைக் கண்டு, குனிந்து நிமிர்ந்து சோதித்து, முற்றுப்பெறாத கூரையைச் சட்டம் கூரையாகக் கொள்ளாது என்ற முடிவோடு போய்விட்டார். இவ்வாறு ஒரே ஓட்டை எல்லாருடைய மனத்தையும் நிறைத்தது.

அதன் பின் நடந்ததைச் சொல்வது அவசியம். தோட்டங்களில் இருந்த மற்றக் குடும்பங்கள் இந்த ஓட்டையைக் கண்டன. கப்பற்காரர் வயதும் அனுபவமும் உள்ளவர். காரணமின்றிச் செய்யமாட்டார் என்று அவர்களிற் சிலரும் ஒரு கிடுகைக் கட்டாமல் விட்டார்கள். எங்கள் சைவ அயலவர்கள், அது கத்தோலிக்கருடைய நேர்த்தி என்றார்கள். அடுத்த மாரியில் ஒரு சைவ வீட்டின் மாட்டுக்கொட்டிலிலும் ஓர் ஓட்டையைக் கண்டேன். விசாரித்தபோது, குண்டு விழுந்தால் அதிர்வு மேலாற் போய்விடும், கூரை பறக்காது, இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று வீட்டுக்காரர் எனக்கு விளங்கப்படுத்தினார். அதற்கடுத்த ஆண்டு, பிள்ளைப்பேறு உள்ள வீட்டில் அப்படி விடுவது நல்லது என்று ஒரு மருத்துவிச்சி சொன்னதாகக் கேள்வி. சுவாமியாரிடம் இதைச் சொன்னேன். திருநாள்கள் இப்படித்தான் ஐயா உண்டாகின்றன, நாங்கள் பக்கத்திலே நின்று பார்ப்பதுதான் அபூர்வம், என்றார்.

நான் மறுத்து எவரிடமும் பேசவில்லை. முந்திரிகைத் தோட்டக் காவற்காரனும் தன் கொட்டில் பின்னால் என்னவாகப் போகிறது என்று அறிந்திருக்கமாட்டான்.

பூட்டு அதே கப்பில் தொங்கியது. ஆண்டுதோறும் எண்ணெய் போடப்பட்டது. குழந்தை அதைப் பிடித்து எழும்பி நிற்கப் பழகியது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசி முடிவதற்குள், ஒரு மாலையில், இராணுவம் நெருங்குவதால் எங்கள் பகுதியாகிய வலிகாமம் முழுவதும் உடனே வெளிக்கிடவேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அண்ணை காணி உறுதிப் பத்திரங்களைப் பொலித்தீன் பையிற் சுற்றி மடியிற் கட்டிக்கொண்டார். காணிகளைக் கொண்டுவர இயலவில்லை. நான் வாசிகசாலையின் திறப்பையும் வீட்டின் திறப்பையும் எடுத்துக்கொண்டேன். நாங்கள் தெருவுக்கு வந்தபோது மழை தொடங்கியிருந்தது. கப்பற்காரர் குடும்பம் எங்களுக்காகப் படலையடியில் காத்து நின்றது. பூட்டு அவருடைய சட்டைப் பையை இழுத்துக்கொண்டு கனத்தது. அவர் கையில் ஒரு கிடுகு இருந்தது. கூரையிற் கட்டியிருந்தவற்றைக் கழற்ற நேரம் இருக்கவில்லை. கட்டாமல் விட்ட அந்த ஒன்று கையோடு வந்துவிட்டது. அதை அவர் என் மனைவியின் தலைக்கு மேலே பிடித்தார். நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை, விடிந்து வெயில் எட்டிப்பார்த்து மீண்டும் மழை வரும்வரை, அவரும் மருமகனும் மாறிமாறிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நடந்தார்கள் என்பது வழக்குச் சொல். தெருவில் சனம் அசையவில்லை.

தென்மராட்சியில், மீசாலைக்கு அப்பால், ஒரு தென்னங்காணியில் எங்களுக்கு இடம் கிடைத்தது. காணிக்காரர் மிக நல்ல மனிதர். தென்னை நிறைந்த காணியாகையால் கிடுகுக்குக் குறைவில்லை, வேண்டியமட்டும் எடுங்கள் என்றார். பின்பு சற்றுத் தயங்கி, என்னையும் அண்ணையையும் ஒருபுறம் அழைத்தார்.

"இருங்கோ, எத்தினை நாளெண்டாலும் இருங்கோ. மண்சுவர் மட்டும் வைக்கவேண்டாம். குறை நினைக்கக் கூடாது. பிறகு பத்து வருசம் எண்டு ஒரு கதை வந்திடும்."

அண்ணை மடியிலுள்ள உறுதிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தொழில் தெரிந்த ஒருவரைக் கண்ட மரியாதையோடு தலையசைத்தார். அந்த வசனம் எனக்குப் புதியதன்று.

மருமகன் இரண்டு கொட்டில் போட்டார், ஒன்று அவர்களுக்கு, ஒன்று எங்களுக்கு. எங்களுடைய கூரையை அவர் கட்டிக்கொண்டு வருகையில், என் பாய் விரித்த மூலைக்கு மேலே வந்ததும், நான் கீழே நின்று சொன்னேன்:

"தம்பி, அந்த ஒண்டைக் கட்டவேண்டாம்."

மேலே அவருடைய கை நின்றது. கப்பற்காரர் பக்கத்தில் நின்று கிடுகு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதுவரை என்னை ஐயா என்று அழைத்து வந்தவர் அவர்.

"அண்ணை," என்றார், "கூழ் பழுதாப் போடும்."

"போனால் பாப்பம். நீங்கள் உங்கடை பூட்டுக்கு எண்ணெய் போட்டாச்சோ?"

"இன்னும் இல்லை. ஒரு சொட்டு எண்ணெய் எங்கையும் கிடையாது."

என் மனைவி இந்தச் சம்பாஷணையைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, காணிக்காரர் வீட்டுக்கு ஒரு சட்டி இரவல் கேட்கப் போனார்.

அந்தக் கிடுகு கட்டப்படவில்லை. இதை எழுதும் இப்பொழுது, இந்தத் தாளுக்கு வலப்புறம், ஒரு முழம் தள்ளி ஒழுகுகிறது. மழை விட்ட பொழுதுகளில் அதைத் தள்ளிப் பார்த்திருக்கிறேன். தென்னோலைகளுக்கு இடையே சில நட்சத்திரங்கள் தெரிகின்றன. நீர்வேலியிலும் அவைதான் தெரிந்திருக்கவேண்டும். அங்கே நல்ல ஓட்டுக்கூரை இருந்தபடியால் நான் பார்த்ததில்லை.

ஊர் திரும்பும் நாளில் தம்முடைய குருநகர் முற்றத்தில் ஒரு கொட்டில் போடுவதாகவும், அதற்கு என்னை அழைப்பதாகவும் கப்பற்காரர் சொல்லியிருக்கிறார். என்னுடைய முற்றத்திலும் ஒன்று போடவேண்டும் என்பது அவருடைய அபிப்பிராயம். அண்ணையிடம் இன்னும் பேசவில்லை.

ஐயா, அம்மா, ஒரு திருநாள் எதற்காகத் தொடங்கியது என்பதைத் தொடங்கிய காலத்தில் எவரும் எழுதிவைப்பதில்லை. பின்வருவோர் முகில் என்றும் ஓலை என்றும் வாதிட நேர்கிறது. எங்கள் பக்கத்துக் கூரைகளில் ஓர் ஓட்டையை நீங்கள் என்றாவது கண்டு, அதற்கு வேறொரு காரணத்தை எவராவது உறுதியாகச் சொன்னால், அவரை மறுக்கவேண்டாம். இந்தத் தாள்களை மட்டும் நனையாத ஓர் இடத்தில் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இங்கே அப்படி ஓர் இடம் இல்லை.